சால்ட்டி என்றொரு சொல்

விளையாட்டில் தோற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் தம்பியைப் பார்த்து, "ஏண்டா இவ்வளவு சால்ட்டியாக இருக்கிறாய்?" என்று கேட்கிறான் கல்லூரியில் பயிலும் அண்ணன். அருகிலிருக்கும் பாட்டியாரோ, குழம்பு கரிக்கிறது போலும் என்றெண்ணி அடுக்களைக்குச் செல்கிறார்.

பாட்டியாரின்மீது பிழையில்லை. அவ்வாங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் உப்புச் சுவையுடையது என்பதே. கடலில் உழன்ற மாலுமியரின் கூச்சமற்ற பேச்சையும் பின்னர் அச்சொல்லால் குறித்தனர். மனம் கசந்து சினந்திருப்பவன் என்னும் பொருள் 1930-களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் இடம்பெற்றது. அதுவே இன்று கணினி விளையாட்டுகளின் வழியாக நம் பிள்ளைகளின் நாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழருக்கு இது முற்றிலும் புதுமையன்று. 'உவர்த்தல்' என்னும் சொல்லுக்கு வெறுத்தல் என்றும் நம் அகராதிகள் பொருள் கூறுகின்றன. ஊடலை உப்போடு ஒப்பிட்டு, அளவோடு இருந்தால் சுவை, சற்று நீண்டால் கெடுதல் என 1302-ஆம் குறளில் வள்ளுவரும் உரைத்துவிட்டார். ஆனால் நம் வழக்கில் உப்புக்கு அதனினும் பெரிய மதிப்பு உண்டு. மானங்கெட்டு நடப்பவனை நோக்கி, "நீ சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா?" என்று கேட்கிறோம். நன்றி மறந்தவனுக்கு உப்பிட்டவரை நினைவூட்டுகிறோம். பொருளற்ற பேச்சை 'உப்புச் சப்பில்லாத பேச்சு' என்று ஒதுக்குகிறோம். மானம், நன்றி, அறிவு ஆகிய மூன்றையும் ஒரு கைப்பிடி உப்பில் வைத்துப் பேசிய மக்கள் நாம்!

இதனாலேயே ஒன்று உறுத்துகிறது. 'சால்ட்டி' என்பதை ஏளனச் சொல்லாக மட்டுமே அறிந்த பிள்ளை, மலைப்பொழிவை ஆங்கில விவிலியத்தில் வாசிக்கும்போது என்ன நினைக்கும்? உவர்ப்பை இழந்த உப்பை மீண்டும் 'சால்ட்டி' ஆக்குவது எப்படி என்று அங்கே ஆண்டவர் கேட்கிறார் (மத் 5:13). பிள்ளை சிரிக்கக்கூடும். சற்று வளர்ந்து வேதியியல் படித்த பிள்ளையோ, "உப்பு எப்படி அப்பா உவர்ப்பை இழக்கும்? சோடியம் குளோரைடு எக்காலத்திலும் கரிக்கத்தானே செய்யும்?" என்று மடக்கும். பெற்றோரிடம் விடை உண்டா?

விடை மரக்காணத்தில் இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கழுவேலி ஏரி கடலோடு கலக்கும் நிலப்பரப்பில் அவ்வூரின் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கு. அவை அனைத்தும் நாம் உண்ணும் உப்பு அல்ல. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலிலும் காற்றிலும் வற்றச் செய்கையில், முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியிற் படிகின்றன. அதன்பின்னரே நம் உப்பு பூக்கிறது. எஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும். அது கைப்பு நீர். காலத்தே அதை வடித்து வெளியேற்றாவிட்டால் உப்பு கைக்கும், ஈரம் கோத்து ஒழுகும். எந்த நீரை எப்பொழுது விடுவது, எப்பொழுது வடிப்பது என்பதிலேயே உப்பளத் தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இயேசுவின் காலத்துப் பாலஸ்தீனத்தில் இத்தகைய பக்குவமின்றி, சாக்கடலின் ஓரத்தில் ஜிப்சமும் மண்ணும் கலந்து கிடந்ததையே உப்பென அள்ளினர் என்று விவிலிய விளக்கவுரையாளர் பலர் எழுதியுள்ளனர். அக்குவியலில் மழையோ ஈரமோ பட்டால் உண்மையான உப்பு முதலில் கரைந்தோடிவிடும். ஜிப்சம் எளிதில் கரையாது. அதுவும் வெண்மையானதே. பார்வைக்குக் குவியல் முன்போலவே இருக்கும். நாவில் வைத்தால் ஒன்றுமிராது. மிதிபடுவதைத் தவிர அதற்கு வேறு பயனில்லை. ஆக, உப்பு தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. அது நழுவிப்போன பின்னும் அதன் உருவம் நிற்கிறது, அவ்வளவே.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதைச் 'சாரமற்று' என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'உவர்ப்பற்று' என்றது. மாற்கு நற்செய்தியின் கிரேக்க மூலமும் (9:50) உவர்ப்பற்றது என்றே நேராகக் கூறுகிறது. மத்தேயுவில் உள்ள கிரேக்க வினைச்சொல்லோ 'மதிகெட்டுப் போதல்' என்று பொருள்படுவது. உப்புக்கு மதியேது என்று திகைக்க வேண்டா. உப்பில்லாதது என்னும் சொல்லை இலத்தீன் மொழியினர் அறிவிலிக்கும் வழங்கினர். நாமும் உப்புச் சப்பில்லாதவன் என்கிறோமே! கொலோசையருக்கு எழுதுகையில் (4:6) பேச்சும் உப்பிட்டதாக இருக்கட்டும் என்று பவுலடியார் அறிவுறுத்துவதும் இப்பொருளிலேதான்.

திருமுழுக்குச் சடங்கு 1969-இல் திருத்தியமைக்கப்படுவதற்கு முன்னர், குருவானவர் குழந்தையின் நாவில் சிறிது உப்பு வைப்பார். அதை 'ஞானத்தின் உப்பு' என்றே இலத்தீன் மன்றாட்டு அழைத்தது. ஞானஸ்நானம் என்று அதற்குப் பெயரிட்ட நம் முன்னோர் அவ்வுப்பின் பொருளை நன்கறிந்திருப்பர். அந்த உப்பை நாவில் ஏற்றவர்கள் இன்றும் நம் பங்குகளில் மூத்தோராக வாழ்கின்றனர். பேரப்பிள்ளைகள் அவர்களிடம் கேட்கலாம். கைக்குழந்தையாய் இருந்தபோது நடந்ததை அவர்கள் மறந்திருப்பினும், தம்பி தங்கையரின் திருமுழுக்கில் கண்டதைச் சொல்வார்கள்.

மரக்காணத்து உப்பளத்தில் பாடுபடுவோர்க்கோ, மழையில் உப்பு கரைவது உவமையன்று, கூலி போவது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கிவிடுகின்றன. அம்பாரமாகக் குவித்த உப்பைக் கீற்றும் தார்ப்பாயும் இட்டு மூடுகின்றனர். வெண்பரப்பின் கூச்சத்தில் கண்ணையும், உவர்நீரில் பாதத்தையும் தேய்த்த ஆடவரும் பெண்டிரும் அம்மாதங்களில் வேறு வேலை தேடியாக வேண்டும். தமிழக உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் வழங்கும் அரசுத் திட்டம் 2022-இல்தான் தொடங்கியது. மழை ஓய்ந்தபின், தேங்கிய நீரை இறைத்து, சேற்றை வழித்து, பாத்தியின் தரை கெட்டிப்படும்வரை மிதிக்கிறார்கள். அதன் பிறகே முதல் உவர்நீர் உள்ளே விடப்படும்.