காலை எடுக்கச் சொன்ன டாக்டர்கள்... கத்தியே இல்லாமல் காப்பாற்றிய ரேடியாலஜிஸ்ட்! யார் இந்த சார்லஸ் டாட்டர்?

தெரிஞ்சவங்க யாருக்காவது நெஞ்சு வலின்னா நாம கேட்கிற முதல் கேள்வி, ‘ஆஞ்சியோ பண்ணியாச்சா? ஸ்டென்ட் வெச்சாங்களா?’ என்பதுதான். அந்த அளவுக்குப் பழகிப்போன சிகிச்சை இது. ஆனால், இதற்கு விதை போட்டவர் இதய மருத்துவரும் இல்லை, அறுவை சிகிச்சை நிபுணரும் இல்லை. எக்ஸ்ரே படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ஒரு ரேடியாலஜிஸ்ட். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் வேலை பார்த்த சார்லஸ் டாட்டர்.

அன்று என்ன நடந்தது?

1964 ஜனவரி 16. ஒரேகான் பல்கலைக்கழக மருத்துவமனையில் 82 வயதுப் பாட்டி ஒருவர். இடது காலுக்கு ரத்தம் போகாமல் விரல்கள் அழுகத் தொடங்கிவிட்டன. காலை எடுத்தே ஆகணும் என்றார்கள் டாக்டர்கள். பாட்டி திட்டவட்டமாக மறுத்துவிட்டார்.

படம் எடுத்துப் பார்த்தால், தொடைத் தமனியில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் குறுகல். டாட்டர் முதலில் மெல்லிய கைடு ஒயர் ஒன்றை அந்தக் குறுகல் வழியாக நுழைத்தார். பிறகு அதன் மேல் ஒரு கதீட்டர், அதற்கு மேல் இன்னும் தடிமனான கதீட்டர் எனச் செலுத்தி, குறுகலை அகலப்படுத்தினார். சில நிமிடங்களில் சில்லிட்டுக் கிடந்த பாதம் சூடேறியது. வலியும் போனது. அதன்பின் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள், இறக்கும் வரை, அந்தப் பாட்டி சொந்தக் காலில்தான் நடந்தார்.

ஐடியா எப்படி வந்தது?

தற்செயலாகத்தான்! டாட்டர் 1920-ல் பாஸ்டனில் பிறந்தவர். 32 வயதிலேயே ஒரேகானில் ரேடியாலஜி துறைத் தலைவர். 1963-ல் ஒரு நோயாளிக்கு வயிற்றுப் பெருந்தமனியைப் படமெடுக்கக் கதீட்டரைச் செலுத்தியபோது, இடுப்புத் தமனியில் இருந்த அடைப்பை அது தானாகவே துளைத்துக்கொண்டு போய்விட்டது. ரத்தப் பாதை திறந்துகொண்டது.

வேறு யாராக இருந்தாலும் ‘அப்பாடா, ஒண்ணும் ஆகலை’ என்று விட்டிருப்பார்கள். டாட்டர் விடவில்லை. தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்தால் என்ன என்று யோசித்தார். அதே ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்த மாநாட்டில், கதீட்டர் நோயைக் கண்டுபிடிக்க மட்டுமல்ல, சிகிச்சைக்கும் பயன்படும் என்று பேசினார்.

கருவிகள் கடையில் கிடைக்காத காலம் அது. சிகாகோ ரேடியாலஜி மாநாட்டில் பில் குக் என்ற இளம் தொழில்முனைவோரின் ஸ்டாலுக்குப் போன டாட்டர், டெஃப்லான் குழாய்களைக் கேட்டு வாங்கிப்போய், நெருப்பில் காட்டித் தானே கதீட்டர்களாக மாற்றிக் கொண்டுவந்தார். குக் பின்னாளில் மருத்துவக் கருவித் துறையின் பெரும்புள்ளி ஆனார்.

‘கிறுக்கு சார்லி’

1964-லேயே, தன்னிடம் பயிற்சி பெற்ற மெல்வின் ஜட்கின்ஸுடன் சேர்ந்து ‘சர்குலேஷன்’ இதழில் கட்டுரை வெளியிட்டார். கைதட்டல் கிடைத்ததா? இல்லை. ‘படம் எடுக்கிறவருக்கு எதுக்கு இந்த வேலை?’ என்பதுதான் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் பலரின் மனநிலை. ‘படம் மட்டும் எடுங்க, சரிபண்ண முயற்சிக்காதீங்க’ என்று சீட்டில் எழுதியே நோயாளியை அனுப்பினார் ஒரு சர்ஜன். ‘கிறுக்கு சார்லி’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஐரோப்பா அவரைக் கைவிடவில்லை. ஜெர்மனியில் இந்த முறைக்கு ‘டாட்டரிங்’ என்றே பெயர் வைத்தார்கள். அதைக் கற்ற ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக், தடிமனான கதீட்டருக்குப் பதிலாக பலூனைப் பயன்படுத்தினார். இதில் என்ன லாபம்? சுருங்கிய நிலையில் சின்னத் துளை வழியாக உள்ளே போகும். அடைப்பு இருக்கும் இடத்துக்குப் போனபிறகுதான் விரியும். 1977-ல் ஜூரிச் நகரில், விழித்திருந்த நோயாளி ஒருவரின் இதயத் தமனியில் அவர் அதைச் செய்துகாட்டினார். அதுதான் இன்றைய ஆஞ்சியோபிளாஸ்டி.

ஸ்டென்ட்? அதற்கும் டாட்டரிடம் ஒரு முன்னோட்டம் உண்டு. 1969-லேயே நாய்களின் கால் தமனிகளில் கம்பிச் சுருள்களை வைத்துப் பரிசோதித்திருந்தார்.

மலையும் நோயும்

டாட்டருக்குப் புற்றுநோய் வந்தது. இதய அறுவை சிகிச்சையும் நடந்தது. ஆனாலும் மலையேறுவதை அவர் விடவில்லை. 1978-ல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு கிடைக்கவில்லை. 1985-ல், 64 வயதில் காலமானார். 33 ஆண்டுகள் அதே துறைக்குத் தலைவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்று அவர் பெயரிலேயே ஒரு சிகிச்சை மையம் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

அவர் தொடங்கிவைத்த துறைக்கு ‘இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி’ என்று பெயர். உடலைப் பெரிதாகத் திறக்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டே சின்னத் துளை வழியாகச் செய்யும் சிகிச்சை. சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இருப்பவர்களுக்குக் கால் தமனிகளிலும் அடைப்பு வரலாம். நடந்தால் கெண்டைக்கால் வலி, நின்றால் சரியாவது, காலில் ஆறாத புண் - இதெல்லாம் எச்சரிக்கை மணி. எல்லாக் கால்களையும் இந்த முறையில் காப்பாற்றிவிட முடியாது. தொற்று உயிரைப் பறிக்கும் நிலையில் காலை எடுப்பதே வழியாகலாம். ஆனால், வீட்டில் யாருக்காவது காலை எடுக்கணும் என்று சொன்னால், ‘ரத்த ஓட்டத்தை டெஸ்ட் பண்ணியாச்சா டாக்டர்? அடைப்பைத் திறக்க வழி இருக்கா?’ என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

60 ஆண்டுகளுக்கு முன் ‘காலை எடுக்க விடமாட்டேன்’ என்று ஒரு பாட்டி பிடித்த பிடிவாதம்தான், இன்று நாம் அந்தக் கேள்வியைக் கேட்க முடிவதற்கே காரணம்.