கப்பல் ஏறப் போகிறவர்கள் ஒரு மாதம் முன்னதாக வாருங்கள்

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடிக் கிடக்கும் ஒரு மாதம்தான் சிவகாசிக்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் காலம். முன்பெல்லாம் குற்றாலம், கொடைக்கானல். வசதி உள்ளவர்கள் சிங்கப்பூர், மலேசியா. இப்போது கப்பலும் சேர்ந்துவிட்டது. கொரோனா அடங்கியபின் 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் கோர்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கும் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஊர் ஊராகச் சுற்றிக் காட்டியது.

போய் வரட்டும். உழைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டும். ஆனால் டிக்கெட்டை மூன்று மாதம் முன்பே எடுத்தவர்கள், பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும் அன்று மாலை வந்து நின்று “டாக்டர், கப்பலுக்குப் போறோம், ஏதாவது மாத்திரை எழுதிக் குடுங்க” என்றால் நான் என்ன செய்ய முடியும்? திரும்பி வந்தவர்கள் கதை இன்னும் மோசம். நாலு நாள் மருந்துக்கடை ‘செட் மாத்திரை’யை விழுங்கிவிட்டு, நாக்கு வறண்டு, நிற்க முடியாத நிலையில் தூக்கி வருகிறார்கள்.

கடல் காற்றில் கிருமி அண்டாதா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. டெக்கில் நிற்கும் கொஞ்ச நேரம்தான் கடல் காற்று. மற்ற நேரமெல்லாம் ஏசி அறை, லிஃப்ட், சாப்பாட்டுக் கூடம், ஆட்டம் பாட்டம் நடக்கும் அரங்கு. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். அவர்களில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. சுற்றிலும் கடல்தான் இருந்தது.

“அது அப்போ, இப்போ எல்லாரும் ஊசி போட்டாச்சே” என்கிறார்கள். 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா போன கோர்டிலியா கப்பலில் 66 பேருக்குத் தொற்று உறுதியானது. தடுப்பூசி வந்து ஓராண்டு கழித்து நடந்தது இது. ஊசி, நோய் முற்றி உயிருக்கு ஆபத்தாகாமல் காப்பாற்றும். தொற்றவே தொற்றாது என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. அப்போது போட்ட கொரோனா ஊசி, இன்ஃப்ளூயன்சாவுக்குக் காவலும் இல்லை. அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை, இதய நோய், வீசிங் உள்ளவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது. அது வேலை செய்ய இரண்டு வாரமாகும். ரயில் ஏறும் அன்று போட்டுப் பயனில்லை.

இன்னொன்றும் மாறிவிட்டது. அன்று ஏறும் முன் சோதனை, சான்றிதழ், முகக்கவசம் என்று ஆயிரம் கெடுபிடி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்களுக்கென நடத்திய கோவிட் திட்டத்தை 2022 ஜூலையில் முடித்துக்கொண்டது. மற்ற இடங்களிலும் கெடுபிடி தளர்ந்துவிட்டது. இன்று உங்களைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. காய்ச்சலோடு ஏறலாமா என்பதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில்தான் நம்மவர்கள் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு, படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு ஏறுகிறார்கள். கட்டிய பணம் போய்விடுமே என்ற கவலை எனக்குப் புரிகிறது. பக்கத்து அறையில் கீமோதெரபி முடித்த ஒருவர் இருக்கலாம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சானிடைசர் இருக்கிறதே!

கொரோனா நமக்குக் கற்றுத் தந்த பழக்கங்களில் இது ஒன்று, பாதிதான் சரி. கப்பலில் வாந்தி பேதியைப் பரப்புவது பெரும்பாலும் நோரோ வைரஸ். சானிடைசருக்கு அது சரியாக மசியாது. சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துத் தண்ணீரில் கழுவினால்தான் போகும். பஃபேயில் எல்லார் கையும் பட்ட கரண்டியை எடுத்து வைத்தபின், சாப்பிட உட்காரும் முன் மறுபடி கழுவுங்கள்.

தொற்றியபின் ஒன்றிரண்டு நாளில் ஆரம்பிக்கும். உடனே ஆன்டிபயாடிக் தேடுகிறார்கள். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. பையில் போன தடவை மிச்சமான நாலு மாத்திரை இருக்கும், அதைப் போடுவார்கள். நிற்காவிட்டால் பேதியைக் கட்டும் மாத்திரையைக் குழந்தைக்கும் உடைத்துக் கொடுப்பார்கள். தயவுசெய்து குழந்தைக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

“தண்ணி குடிச்சா இன்னும் போகும்” என்று வாயைக் கட்டும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். உயிரைக் காப்பதே தண்ணீரும் உப்பும்தான். ஓஆர்எஸ் பாக்கெட்டையும் தவறாகக் கலக்குகிறோம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் அதுவே குழந்தைக்குக் கெடுதல். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுக்குத் தண்ணீரை அளந்து ஊற்றி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானம் இதற்கு ஈடாகாது.

தலைசுற்றலும் தூக்க மாத்திரையும்

கப்பல் ஆடினால் குமட்டும். எலுமிச்சையை முகர்ந்து பார்ப்பதிலும், இஞ்சி மிட்டாய் சப்புவதிலும் கெடுதல் ஒன்றுமில்லை. அவோமின் போன்ற மாத்திரைதான் கவனிக்க வேண்டியது. வாந்தி வந்தபின் போட்டால் பலன் குறைவு; ஏறுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே போட வேண்டும். நன்றாகத் தூக்கம் வரும். அதோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து. புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண் அழுத்தம் உள்ளவர்களும் கேட்காமல் போடக் கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குமட்டலுக்குப் பயந்து சாப்பிடாமல், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போடுகிறார்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்துக் கொட்டி மயங்கி விழுவார்கள். கூட இருப்பவர்கள் கடல் மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். நினைவிருந்தால் முதலில் வாயில் சர்க்கரை போடுங்கள்.

போன சீசனில் ஒரு பெரியவர் தன் மாத்திரைகளை எடுத்துக் காட்டினார். ஒரு காலித் தீப்பெட்டிக்குள் வெள்ளையாக ஏழெட்டு மாத்திரை, பட்டையில்லாமல், பெயரில்லாமல். எது பிரஷருக்கு, எது சர்க்கரைக்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நடுக்கடலில் இருக்கும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? பட்டையோடும் சீட்டோடும் கொண்டு போங்கள். கப்பலில் இருப்பது முதலுதவிக்கான சிறு மருத்துவ மையம். ஆஞ்சியோகிராம், டயாலிசிஸ் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பழைய நோயை மறைத்து எடுத்த காப்பீடு, கேட்கும்போது கைவிடும்.

கப்பலில் வேலைக்குப் போகும் பிள்ளைகள்

டைமண்ட் பிரின்சஸில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பயணிகள் அறைக்குள் அடைந்திருந்தபோதும் இவர்கள் சமைத்தார்கள், பரிமாறினார்கள். நம் மாவட்டத்திலும் கேட்டரிங் படித்த பையன்கள் இந்த வேலையைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று: மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவைப்பட்டால் ஏஜென்ட் சொல்லும் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள். போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

திரும்பி வந்தபின்

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்த அணுக்கள், டெங்கு, மலேரியா, தேவைப்பட்டால் கோவிட் சோதனை.

செட் மாத்திரை வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் காய்ச்சல் இறங்கியதுபோல் தெரியும்; உள்ளே நோய் முற்றும், சர்க்கரை எகிறும். வாந்தி பேதி நின்று இரண்டு நாள் ஆகும்வரை கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறப் போகாதீர்கள், சமையல் பக்கமும் போகாதீர்கள். நின்றபின்னும் கிருமி வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். அச்சகத்தில் காலண்டர் சீசன் நெருக்குகிறது என்பீர்கள். நீங்கள் அந்த இரண்டு நாள் வீட்டில் இருந்தால், பக்கத்து மெஷின்காரர் வீட்டுக் கைக்குழந்தை தப்பும்.

இந்தத் தீபாவளிக்குப் பிறகு கப்பல் ஏறப் போகிறவர்களை மன்றாடிக் கேட்கிறேன். டிக்கெட் எடுத்த வாரமே மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். இருக்கும் நோயை மறைக்காமல் சொல்லுங்கள். புறப்படும் அன்று காய்ச்சல் அடித்தால், பணம் போனாலும் பரவாயில்லை, வீட்டில் இருந்துவிடுங்கள்.