473 என்ற எண் சொல்லாத செய்தி

கேக், ஐஸ்கிரீம் பொட்டலங்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘எமல்சிஃபையர் (ஐஎன்எஸ் 473)’ என்று இருந்தால், அது சர்க்கரையையும் கொழுப்பு அமிலத்தையும் இணைத்துச் செய்த எஸ்டர். எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. குடலில் பெரும்பகுதி மறுபடியும் சர்க்கரையாகவும் கொழுப்பு அமிலமாகவும் உடைந்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். அளவோடு உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. என் கவலை, அது தயாராகும் விதம் பற்றியது.

சர்க்கரை கொழுப்பில் கரையாது. 1950களில் அமெரிக்காவில் உருவான முறை, இரண்டையும் கரைக்கும் டைமெத்தில் ஃபார்மமைடைத் துணைக்கு அழைத்தது. தோல் வழியாகவே உடலுக்குள் புகுந்து கல்லீரலைக் கெடுக்கும் கரைப்பான் அது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. ‘ஐரோப்பாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் எச்சம் இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறதே, பிறகென்ன?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரம்பு உண்பவரைக் காக்கிறது. கலனைத் திறந்து கழுவும் தொழிலாளியை அல்ல. லைபேஸ் என்னும் நொதி இங்கேதான் வழிகாட்டுகிறது. சுமார் 65 டிகிரியில் ஒலேயிக் அமிலத்தில் ஃபிரக்டோஸைப் போட்டால் முதலில் கரையாத துகள்களாகவே மிதக்கும். நொதி சிறிது எஸ்டரை உண்டாக்கியதும், அந்த எஸ்டரே மீதிச் சர்க்கரையைக் கலக்க உதவும். வினையில் பிறக்கும் நீரை வெற்றிடத்தால் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் தேங்கினால் வினை பின்னோக்கித் திரும்பிவிடும். நொதி விலை கூடியது, வினை நாள்கணக்கில் நீளும் என்ற ஆட்சேபமும் உண்மையே. பிடிமானப் பொருளில் பதித்த நொதியைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பது அதற்கு ஓரளவு பதில். ஆனால் 473க்கு வேண்டிய சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸ், ஃபிரக்டோஸ் போல எளிதில் இணங்குவதில்லை. அதனால் ‘நொதியால் செய்தது’ என்று விளம்பரம் வந்தால் சான்று கேளுங்கள். நொதித் தூளைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கும் ஆஸ்துமா வரக்கூடும் என்பதால், அங்கும் பாதுகாப்பு தேவை.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் சேர்பொருளின் வகையையும், பெயரையோ எண்ணையோ அச்சிடக் கட்டாயப்படுத்துகின்றன. தயாரிப்பு முறையைச் சொல்லும்படி கேட்பதில்லை. கொழுப்பு அமிலம் விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம் என்பதால், சைவர்கள் எண்ணை மட்டும் நம்பாமல் பச்சைக் குறியைப் பாருங்கள். குறியோ விவரமோ விடுபட்டிருந்தால், ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ தளத்தில் புகார் தரலாம். கலப்படச் சந்தேகம் இருந்தால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி நீங்களே பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பில்லையும் பொட்டலத்தையும் பத்திரப்படுத்துங்கள். எந்தக் கரைப்பானில் செய்தது என்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள்.