இரக்கம் வேறு, மறதி வேறு

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு இறை இரக்க ஞாயிறு. இயேசுவின் நெஞ்சிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரு கதிர்கள் வீசும் படத்தை லண்டனில் எங்கட ஆக்கள் பலரின் வீடுகளில் காணலாம். பின்னேரம் மூன்று மணிக்கு ஃபோனில் அலாரம் வைத்து, வேலைக்கு நடுவிலும் இறை இரக்கச் செபமாலை சொல்பவர்களை எனக்குத் தெரியும்.

மனம் வருந்தி வருபவரை ஆண்டவர் கைவிடமாட்டார், அவரை நம்பு என்பதுதான் இந்தப் பக்தியின் சாரம். ஒரு கத்தோலிக்கனாக அதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த இரக்கத்துக்கு, "நடந்ததை விடுங்கோ, மறந்திட்டு வாழுங்கோ" என்று சிலர் பொருள் சொல்லும்போதுதான் இடிக்கிறது.

2019-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள் என்று வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த ஞாயிறுதான் இறை இரக்க ஞாயிறு. பாதுகாப்புக் காரணமாக ஆலயங்களில் பொதுப் பூசை நடக்கவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைச் சனம் தொலைக்காட்சியில் பார்த்தது. பிள்ளைகளைப் புதைத்து ஒரு கிழமைகூட ஆகாத வீடுகளில் இரக்கத்தைப் பற்றித் தியானிக்க வேண்டியிருந்தது.

2020 உயிர்ப்பு ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார் கர்தினால். அவரேதான் முழு உண்மையும் வெளிவர வேண்டும் என்று தொடர்ந்து கேட்டும் வந்தார். 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்றது.

"மன்னிச்சாச்சு எண்டால் பிறகேன் வழக்கு?" இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது. பதில் பாவசங்கீர்த்தனத்திலேயே இருக்கிறது. ஞான உபதேச வகுப்பில் படித்ததை ஞாபகப்படுத்துங்கள். ஆத்தும சோதனை செய்ய வேண்டும், மனம் வருந்த வேண்டும், இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி எடுக்க வேண்டும், பாவத்தை வாய்திறந்து சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். "எல்லாத்துக்கும் சொறி சுவாமி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழும்பி வர முடியாது.

என் ஐ.டி. வேலையிலும் இதுதான் ஒழுங்கு. சர்வர் ஒன்று விழுந்தால் என்ன நடந்தது, எப்போது நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வோம் என்று அறிக்கை எழுதுகிறோம். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல. உண்மை தெரியாமல் எதையும் திருத்த முடியாது என்பதற்காக.

லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயு என்ன செய்தார்? தன்னைத் தேடி வந்த இயேசுவின் முன் எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார். இரக்கம் முதலில் வந்தது. ஆனால் இரக்கம் கிடைத்துவிட்டது என்று அவர் கணக்குப் புத்தகத்தை மூடவில்லை.

1995 யூலை 9 அன்று நவாலி பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்த சனத்தின்மேல் விமானப்படை குண்டு போட்டது. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் அரச ஆணைக்குழுவின் முன் சென்று, வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இரக்கத்தைப் பிரசங்கித்த அதே வாய்தான் அந்தக் கணக்கையும் கேட்டது. இரண்டும் ஒரே விசுவாசம்.

ஆனால் ஆத்தும சோதனை அடுத்தவனுக்கு மட்டும் உரியதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எங்கள் பெயரால் நடந்த அதை வாய்திறந்து சொல்லாமல், எங்களுக்கு நடந்ததற்கு மட்டும் மற்றவர்கள் மனம் வருந்த வேண்டும் என்று கேட்டால் அந்தச் செபத்தில் பாதிதான் இருக்கும்.

சரி, நீதி வராமலே போனால்? அங்கேதான் நம்பிக்கை வருகிறது. இந்தப் பக்தியைத் தொடக்கிய போலந்துக் கன்னியாஸ்திரி புனித பவுஸ்தினா 1938-ல், 33 வயதில் இறந்தார். அவர் எழுதி வைத்த வடிவில் இந்தப் பக்தியைப் பரப்புவதை 1959-ல் வத்திக்கானே தடுத்தது. 1978-ல்தான் அந்தத் தடை நீங்கியது. 2000-ஆம் ஆண்டு அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதில் ஒன்றையும் அவர் கண்ணால் காணவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு 2017 முதல் கிளிநொச்சித் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாருக்கு இப்படிப்பட்ட நம்பிக்கையை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவர்களுக்கு அது அன்றாட வாழ்வு.

அடுத்த முறை மூன்று மணிக்குச் செபமாலையை எடுக்கும்போது மூன்று கருத்துகளுக்காகச் சொல்லுங்கள். எங்களைக் காயப்படுத்தியவர்கள் உண்மை பேசும் துணிவு பெற. எங்கள் பக்கத்துப் பிழையைச் சொல்ல எங்களுக்கும் அதே துணிவு கிடைக்க. காத்திருப்பவர்கள் களைத்துப் போகாதிருக்க.