வீதியும் வளவும் – 9: டெல்ஃப்ட்டில் பெயர்த்த கல்

குடியிருப்பு வீதியைக் குறுக்குவழியாக்கி ஊடறுத்துப் போகும் வாகனங்களை மறிப்பதா விடுவதா என்ற கேள்வியோடு போன வாரம் டைக் வீதியில் நின்றோம். முன்கதை அவ்வளவுதான். அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இடையில் ஒரு சொல் வந்து பிடித்துக்கொண்டது. நாளைக் காலை பக்கம் அச்சுக்குப் போகிறது, இன்னும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

வூனெர்ஃப். ஒல்லாந்தரின் மொழி. 'வூன்' என்றால் வசிப்பது. 'எர்ஃப்' என்றால் வீட்டைச் சேர்ந்த நிலம், வேலிக்குள் இருக்கும் வெளி. நமக்கு இதை விளக்கவே தேவையில்லை, நம்மிடம் 'வளவு' இருக்கிறது. வசிக்கும் வளவு! வீட்டு வளவைப் படலையோடு முடித்துவிடாமல் வீதியின் மறுகரை வரைக்கும் நீட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த யோசனை பிறந்த ஊர் டெல்ஃப்ட். நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் எந்த ஊருடையதோ அதே டெல்ஃப்ட். நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்றும் கூடப் பெயரிட்டார்கள். அவையெல்லாம் உதிர்ந்துபோக, டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் நம் வாயில் நிற்கிறது. 1960களின் பிற்பகுதியில் அந்த நகரத்துக் குடியிருப்புகளுக்குள் கார்கள் குறுக்குவழி தேடிப் புகுந்தன. சொல்லிச் சொல்லி அலுத்த வீட்டுக்காரர்கள் ஓர் இரவில் தாங்களே இறங்கி வீதிக் கற்களைப் பெயர்த்து, கார்கள் வளைந்து வளைந்து மெல்லப் போகும்படி செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, நகரசபை அந்த யோசனையைக் கையில் எடுத்தது. 1976இல் அது நாட்டுச் சட்டத்திலும் ஏறியது: அப்படிக் குறிக்கப்பட்ட வீதியில் நடப்பவருக்கு முழு அகலமும் சொந்தம், பிள்ளைகள் விளையாடலாம், வாகனம் மனித நடையின் வேகத்தில்தான் போகவேண்டும்.

அதன் பின்னணியில் பெரிய துயரம் இருந்தது. 1971இல் மட்டும் நெதர்லாந்து வீதிகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். தன் மகளை வீதியில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து, பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற இயக்கமே கிளம்பியது. வாரப் பத்திரிகையில் எழுதுகிற எனக்கு இதைக் கடந்து போக மனம் வரவில்லை.

இனி நம் ஊர். திருகோணமலையில் 'பாதையை மூடுவது' என்று சொன்னாலே முகம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். மண் நிரப்பிய தார் பீப்பாய்கள், முட்கம்பிச் சுருள், அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டிய காலம் அவர்களுக்கு இன்னும் பழசாகவில்லை. அந்தப் பீப்பாய்களை யாரும் எங்களிடம் கேட்டு வைக்கவில்லை. அதனால்தான் இந்த விடயத்தில் வீதிக்காரர் படலை படலையாகப் போய்ப் பேசி முடிவெடுப்பதை முதல் நிபந்தனையாகக் கொள்கிறேன். நல்ல நோக்கத்தோடு மேலிருந்து வருகிற உத்தரவும் இங்கே பீப்பாயாகத்தான் தெரியும்.

மாலை ஐந்து மணிக்கு டைக் வீதியில் நின்று பாருங்கள். சூன் பாண் ஓட்டோ பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு படலைக்கும் தயங்குகிறது, ஓர் அம்மா கையை உயர்த்தினால் நிற்கிறது, கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பணிஸை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்கிறது. அதை முந்திக்கொண்டு, பிரதான வீதி நெரிசலுக்குத் தப்பிய வான் ஒன்று கோணடித்தபடி பறக்கிறது. ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் சைக்கிளை மதிலோரம் ஒதுக்குகிறார்கள். வீதிக்கு வருகிற வாகனம் எது, வீதியைக் கடக்கிற வாகனம் எது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒரு முனையில் மூன்று கல்தூண் நட்டால் ஆளும் சைக்கிளும் போகும், வான் போகாது. நடுத்தூணைப் பூட்டித் திறக்கிற மாதிரி வைத்தால் அம்புலன்சும் போகும். குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் பெட்டியோடு திரும்ப இடம் வேண்டும். வரைபடம் போடுகிறவர்கள் முதலில் மறப்பது இதைத்தான்.

பக்கத்து வீதிக்காரர் பாடு என்ன? நியாயமான கேள்வி. நகரம் ஒரு பக்கம் உட்துறைமுகத்துக்கும் மறுபக்கம் திறந்த கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. தெற்கே 1957இல் பிரித்தானியர் கையளித்துப் போன கடற்படைத் தளம், அங்கே வாசலோடு பாதை நின்றுவிடும். கிழக்கே பிரெட்ரிக் கோட்டை. மாற்றுவழி கொஞ்சம்தான். 11 நாடுகளில் வாகனத்துக்கான இடத்தைக் குறைத்த 70 இடங்களை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வில், பாதி இடங்களில், முன்பு அந்த வீதியையோ பகுதியையோ பயன்படுத்திய வாகனங்களில் 11 சதவீதத்துக்கு மேற்பட்டவை பிறகு சுற்றுவட்டாரத்தில் எங்குமே காணப்படவில்லை. ஒதுக்கப்பட்ட வாகனம் முழுவதும் அடுத்த வீதியில் போய்க் குவியவில்லை. வெளியூர்க் கணக்கை நம்பாதவர்கள் சிவராத்திரியை அடுத்து ஐந்து நாள் கோணேசர் நகர்வலம் வரும்போது பாருங்கள். வாசலுக்கு வாசல் நிறைகுடம், வீதி முழுக்க மனிதர். ஓட்டோக்காரர் வேறு வழியை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார், கடைக்குப் போகிறவர் நடந்து போவார். ஐந்து நாளும் ஊர் நடக்கிறது.

ஐந்து நாள் மறிப்பதும் நிரந்தரமாக மறிப்பதும் ஒன்றல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆகவே தூணைச் சீமெந்தில் புதைக்கமுன் பூந்தொட்டிகளை வைத்து ஆறு மாதம் பார்க்கலாம். பக்கத்து வீதியிலும் அதே ஆறு மாதம் வாகனங்களை எண்ணவேண்டும், எண்ணுகிறவர் அந்த வீதிக்காரராக இருக்கவேண்டும்.

அதிகாரம் யாருக்கு என்பது அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. ஒல்லாந்தர் விட்டுப்போன இன்னொன்றும் அதில் வரும்: நம் நாட்டில் இன்றும் செல்லுபடியாகும் ரோமன் டச்சுச் சட்டமும் அதிலுள்ள வழியுரிமையும். பழைய காணி உறுதி வைத்திருப்பவர்கள் அதற்குள் எடுத்து, வழி பற்றிய வரியை ஒருமுறை வாசித்து வையுங்கள்.

(தொடரும்)