பாலுவை மன்னிக்கிறவர்கள்

நாற்பதைத் தாண்டிய, பிள்ளைகுட்டிக்காரனான ஓர் ஆண். சம்பாத்தியம் போதாது, வாய்க்கு மட்டும் குறைவில்லை. வீட்டில் எல்லாரிடமும் பேச்சு வாங்குவான். அதைப் பார்த்துக் குடும்பங்கள் சிரிக்கும். மலையாள ஃபிளவர்ஸ் தொலைக்காட்சியில் 2015 டிசம்பரில் தொடங்கிய ‘உப்பும் முளகும்’ தொடரின் பாலு இந்த ரகம். மழவில் மனோரமாவின் ‘தட்டீம் முட்டீம்’ அர்ஜுனன் அவனுக்கு அண்ணன் முறை. அம்ரிதாவில் ‘அளியன் வெர்சஸ் அளியன்’ என்று ஆரம்பித்து, கௌமுதியில் ‘அளியன்ஸ்’ ஆன தொடரில் இப்படி இரண்டு பேர், கனகனும் கிளீட்டஸும். மச்சான் உறவு வேறு. வீட்டுக்குள் தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பேசுகிறவர்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் கொச்சி மட்டாஞ்சேரியில் இந்த ஆட்களை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பார்க்கிறவர்கள் இரண்டு குறை சொல்வார்கள். ஆண்களை மடையர்களாகக் காட்டுகிறார்கள் என்பது ஒன்று. சோம்பேறிப் புருஷனுக்குச் செல்லம் கொடுக்கிறார்கள் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் கேட்பது ஒரே கேள்வி: இந்தச் சிரிப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

முதல் குறையை எடுத்துக்கொள்வோம். ஆண் தன்னையே கேலி செய்துகொள்வது கொச்சிக்குப் புதிதல்ல. ஆபேல் அச்சன் 1969-ல் தொடங்கிய கலாபவன் கலைக்குழு, 1981-ல் மிமிக்ஸ் பரேட் என்ற பலகுரல் நிகழ்ச்சியை எர்ணாகுளம் மேடையில் ஏற்றியது. அங்கிருந்து வந்த சித்திக்கும் லாலும் 1989-ல் ‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’ எடுத்தார்கள். அதில் இன்னசென்ட் நடித்த மன்னார் மத்தாயி நொடித்துப்போன நாடகக் கம்பெனியின் முதலாளி. கூட இருக்கும் இரண்டு இளைஞர்களும் வேலையில்லாதவர்கள். மூன்று ஆண்களின் தரித்திரத்தைப் பார்த்துக் கேரளம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆண் குலத்துக்கு அவமானம் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. தொலைக்காட்சி செய்த மாற்றம் ஒன்றுதான். அந்த மத்தாயிக்குக் கல்யாணம் செய்து வைத்து, கணக்குக் கேட்கும் மனைவியை அதே அறையில் நிறுத்தியது. இப்போது வருத்தப்படுகிறவர்களுக்கு உறுத்துவது கேலியா, கேலி செய்கிற ஆளா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இரண்டாவது குறை கனமானது. பாலுவாக நடித்த பிஜு சோபானம், காவாலம் நாராயண பணிக்கரின் நாடகக் குழுவில் தேறியவர். குழுவின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. திருவனந்தபுரத்துப் பேச்சு வாடையும் நாடக மேடையில் பழகிய உடம்பும் சேர்ந்து, முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு நழுவப் பார்க்கும் ஒரு மனிதனை அவ்வளவு பிரியத்துக்குரியவனாக்கி விடுகின்றன. அதுதான் ஆபத்து என்கிறார்கள், நியாயம்தான். 2019-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவழித்தது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதிலும் அந்த வேலையில் கையே வைக்காத ஆண்கள் நான்கில் மூன்று பங்கு. 2021-ல் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படமும், 2022-ல் ‘ஜய ஜய ஜய ஜய ஹே’ படமும் வந்த பிறகு, சோபாவில் சாய்ந்திருக்கும் கணவனைப் பழைய கண்ணோடு பார்ப்பது கஷ்டம்.

ஆனாலும் பாலு தப்பித்துக்கொள்கிறான். காரணம் நீலு. பாலுவின் மனைவியாக நிஷா சாரங் நடித்த நீலு வேலைக்குப் போய்விட்டு வந்து, ஐந்து பிள்ளைகளின் வீட்டையும் இழுக்கிறவள். அவள் களைப்பைத் தொடர் மறைப்பதில்லை. அவள் திட்டும்போது கேமரா பாலு பக்கம் சாய்ந்து அவளை ராட்சசியாக்குவதும் இல்லை. பார்க்கிறவர் அவனைப் பார்த்துச் சிரித்தாலும், அவள் சொல்வது சரி என்று தெரிந்தே சிரிக்கிறார். இந்த ஏற்பாடு பழையது. 1955-ல் அமெரிக்காவில் வந்து 39 பகுதிகளில் முடிந்த ‘தி ஹனிமூனர்ஸ்’ தொடரின் பஸ் டிரைவர் ரால்ஃப், மனைவி ஆலிஸுக்கு நேராக முஷ்டியை ஓங்குவான். இன்று அது வயிற்றைக் கலக்குகிறது. அப்படியும் அந்தத் தொடர் சாகாததற்குக் காரணம், ஒவ்வொரு வாதத்திலும் ஆலிஸ் ஜெயித்துவிடுவது. 2015-ல் வந்த இந்தி ‘பாபிஜி கர் பர் ஹைன்’ வேறு வழியில் போனது. அங்கே விபூதி, திவாரி என்ற இரண்டு புருஷர்கள் ஆளுக்கு ஆள் அடுத்த வீட்டுக்காரர் மனைவி மேல் ஆசைப்படுகிறார்கள். மனைவிமாருக்கு இதில் என்ன நஷ்டம் என்று கதை நின்று கேட்பதில்லை. அதுவும் பல வருஷம் ஓடியதே என்று கேட்கலாம். ஓடியது, சந்தேகமில்லை. விபூதியையும் திவாரியையும் பார்த்துச் சிரிக்கலாம். அவர்களைச் சொந்தக்காரராக எண்ணிக் கோபித்துக்கொள்ள முடியாது.

பாலு வீட்டின் மேல் ஜனங்கள் கோபித்துக்கொண்டார்கள். மகள் லச்சுவுக்குத் தடபுடலாகக் கல்யாணம் நடந்து, பிறகு அந்தப் பெண்ணே தொடரிலிருந்து மறைந்தபோது முணுமுணுப்பு கிளம்பியது. முணுமுணுப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். சில்லறைக்கே தாளம் போடும் வீட்டில் அந்த மண்டபத்துக்கும் நகைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? புருஷன் பொறுப்பில்லாமல் இருக்கலாம். கதை எழுதுகிறவர் பொறுப்பில்லாமல் இருந்தால் பார்க்கிறவர்கள் விடமாட்டார்கள். 2021-ல் தொடர் நின்றதும் அதே பாலு, அதே நீலு வேண்டும் என்று கேட்டார்கள். 2022-ல் திரும்பவும் வந்தது. அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தொடரின் தொடக்கத்தில் பாலுவின் அசட்டையைச் சுமந்தவள் நீலு மட்டும். இனி அந்தக் கடன் வளர்ந்த பிள்ளைகள் தலையிலும் விழும். அப்போதும் பாலுவைப் பார்த்து இதே மாதிரி சிரிப்பார்களா என்பதற்குக் கதாசிரியர்தான் பதில் எழுத வேண்டும்.