சுவருக்கு ஒரு படம், சாட்சிக்கு ஒரு படம்

யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் முன் விறாந்தையிலோ சாமி அறைக்குப் பக்கத்திலோ ஒரு படமாவது பிறேம் போட்டு மாட்டியிருக்கும். அவற்றிற் பல, ஸ்ரூடியோவுக்குப் போய் இருந்து எடுத்தவை அல்ல. கலியாண வீட்டிலோ, சாமத்தியச் சடங்கிலோ, கோயில் திருவிழாவிலோ பத்துப் பேருடன் நின்று எடுத்த சாதாரணப் படத்தில் இருந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, பெரிதாக்கி, ரச் பண்ணிச் செய்தவை.

சுன்னாகத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களைச் சந்திக்கும் எனது வேலையில் இத்தகைய படங்களை அடிக்கடி காண்கிறேன். கணவரையோ மகனையோ பற்றிக் கதைக்கத் தொடங்கினால், சிறிது நேரத்தில் அந்தப் பெண் எழுந்து போய்ப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்வார். அந்தப் படம் எப்படி உருவானது, அதன் மூலப் படம் இப்போது எங்கே என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. ஆகவேதான் இந்த விடயத்தைப் பற்றி இம்முறை எழுத எண்ணினேன்.

ஏன் ஒரேயொரு படம்?

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு, கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். கையில் எடுத்தது குழந்தை, நகை, காணி உறுதி, பிறப்புப் பதிவு, மாற்றுடுப்பு. அல்பம் அலுமாரிக்குள் இருந்தது. 1996 ஏப்ரல், மே மாதங்களில் திரும்பி வந்தபோது பல வீடுகளில் அலுமாரியே இருக்கவில்லை. வேறு சில வீடுகளில் படங்கள் மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கறையான் தின்றது போக மிஞ்சியவையும் உண்டு. 2009இல் வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு அந்த மிச்சமும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சுற்றிவளைப்புக் காலங்களில் பயத்தினால் நாங்களே படங்களை எரித்தோம், கிணற்றடியில் தாட்டோம். கூட்டப் படத்தில் ஒருவருடைய தலையை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த வீடுகளும் உண்டு. அப்படி வெட்டி எறிந்த முகத்தைத்தான் பல தாய்மார் பிறகு தேடி அலைந்தார்கள்.

அப்படித் தேடும்போது கைகொடுப்பது பெரும்பாலும் உறவினரின் அல்பந்தான். கனடாவில் இருக்கும் மச்சாளின் கலியாணப் படத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு தலை தெரியும். கொழும்பில் இருக்கும் சித்தப்பா வீட்டில் பிறந்தநாள் படம் ஒன்று கிடைக்கும். சாதாரணமாக 4 அங்குலத்துக்கு 6 அங்குல அளவுள்ள அந்தப் படத்தில் முகம் ஒரு சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதைத்தான் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.

முன்பு பென்சிலால், இன்று கணினியால்

ரச் பண்ணுவது புதிய விடயம் அல்ல. பழைய கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்ரூடியோக்காரர் முதலில் சிறிய படத்தைக் கமெராவால் திரும்பப் படமெடுத்து நெகட்டிவ் ஆக்குவார். பிறகு வெளிச்சம் ஊடுருவும் மேசையில் நெகட்டிவை வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழுள்ள கருமையும் முகச் சுருக்கமும் அப்படித்தான் மறைந்தன. கறுப்பாக வேண்டிய இடத்தைக் கூரிய கத்தியால் மெல்லச் சுரண்டுவார். அச்சிட்ட பின் மிஞ்சும் வெள்ளைப் புள்ளிகளை நுண்ணிய தூரிகையால் நிரப்புவார். கன்னத்துக்கும் சேலைக்கும் கையால் நிறம் பூசுவதும் உண்டு. தமிழ்நாட்டின் பழைய ஸ்ரூடியோக்களில் அழிந்துபோகும் நிலையில் இருந்த இத்தகைய குடும்பப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரித்தானிய நூலகமும் இணைந்து எண்ணிமப் பிரதிகளாகப் பாதுகாத்திருக்கின்றன.

1990இல் போட்டோசொப் என்னும் கணினி மென்பொருள் வந்தது. ஒரு இடத்துத் தோலைப் பிரதி எடுத்து இன்னொரு இடத்துப் பழுதை மூடுவது அதனால் இலகுவாயிற்று. 2002இல் வந்த பதிப்பில், மூடிய இடம் தெரியாதவாறு சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடும் தூரிகையும் சேர்ந்தது. முன்பு நாட்கணக்கில் செய்த வேலை நிமிடக் கணக்குக்கு வந்தது. இன்று கைத்தொலைபேசியிலேயே செயற்கை நுண்ணறிவு மங்கிய முகத்தை ஒரு நொடியில் பளிச்சென்று ஆக்கித் தருகிறது.

இங்கேதான் நாங்கள் கவனிக்க வேண்டிய ஒரு உண்மை உண்டு. நகத்தளவு முகத்தில் இல்லாத விபரத்தைக் கணினி எங்கிருந்தும் மீட்டுத் தருவதில்லை. முன்பு தான் பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான வேறு முகங்களை வைத்து, இங்கே கண்ணிமை இப்படி இருக்கும், உதடு இப்படி இருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. படம் தெளிவாக வரும். ஆனால் அந்தத் தெளிவில் ஒரு பங்கு உங்கள் பிள்ளையுடையது அல்ல.

ஒரு தாய் ஸ்ரூடியோவில் இருந்து வந்த மகனின் படத்தை எனக்குக் காட்டினார். கோட்டும் ரையும் போட்டு, தலைமயிர் படிய வாரி, முகம் மாசு மறுவில்லாமல் இருந்தது. அவர் சொன்னார்: "பிள்ளை, வடிவாத்தான் கிடக்கு. ஆனா அவன் ஒருநாளும் கோட்டுப் போட்டவனில்லை. நாடியிலை ஒரு தழும்பு இருந்தது, சைக்கிளாலை விழுந்தது. அதையும் காணேல்லை. இது ஆற்றையோ பிள்ளை மாதிரிக் கிடக்கு."

அழகாக்க விரும்புவது பிழையா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தன்னுடையவர் கசங்கிய சாரத்துடனும் பாதி மூடிய கண்ணுடனும் சுவரில் இருக்கக்கூடாது என்று ஒரு பெண் விரும்புவது நியாயமானது. நல்ல உடுப்புப் போட்டு ஸ்ரூடியோவில் இருந்து படமெடுக்க அவருக்குக் காலம் இடம் கொடுக்கவில்லை. அந்தக் குறையை இப்போது தீர்த்து வைக்க நினைப்பது அன்பு. அதைச் செய்து கொடுக்கும் ஸ்ரூடியோத் தம்பிமாரும் பலர் பொறுமையோடுதான் செய்கிறார்கள்.

கேள்வி வேறு. ரச் பண்ணிய படம் வந்த பிறகு மூலப் படத்துக்கு என்ன நடக்கிறது? "இனி இது எதுக்கு?" என்று சிலர் ஸ்ரூடியோவிலேயே விட்டுவிடுகிறார்கள். சிலர் புதிய படத்தை மூலப் படத்தின் மேலேயே வைத்துப் பிறேம் போடுகிறார்கள். சிலர் தேவையான முகத்தை வெட்டி எடுத்த பின் மிச்சத்தை எறிந்துவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு.

பழைய படம் பேசும்

செம்மணியை எண்ணிப் பாருங்கள். அங்கே 1999இல் தோண்டியபோது 15 பேருடைய எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அங்கே கிடைத்த உடுப்புகளும் பொருட்களும் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. புத்தகப் பை, சிறுபிள்ளையின் உடுப்பு, காலணி, விளையாட்டுப் பொம்மை என்பவை அவற்றில் இருந்தன. காணாமற்போனோரின் உறவினர்கள் வரிசையில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

அப்படியான வேளையில் கோட்டும் ரையும் போட்ட படம் ஒன்றும் சொல்லாது. கட்டம் போட்ட சேட்டுடன் திருவிழாவில் நின்ற படம் சொல்லக்கூடும். இடுப்புப் பட்டி, கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, செருப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

இன்னுமொன்று. வாய்விட்டுச் சிரிக்கும் படத்தைப் பலர் வேண்டாம் என்பார்கள், பல் மிதப்பாகத் தெரிகிறது என்று திருத்தச் சொல்வார்கள். ஆனால் இறந்தவரை அடையாளம் காணும் பல் வைத்திய நிபுணர்களுக்கு, பல் தெரியச் சிரித்த படம் மிகவும் பயனுள்ளது. பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளி, உடைந்த பல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல் ஆகியவற்றை எச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். திருத்தி நேராக்கிய பல் அவர்களைப் பிழையான வழியில் கொண்டுபோய்விடும்.

படத்தை ஏந்தி நீதி கேட்பவர்கள் நாங்கள் மட்டுமல்ல. தென்னமெரிக்காவின் ஆர்ஜென்ரீனாவில் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி மே சதுக்கத்தில் கூடத் தொடங்கிய அன்னையர், பிள்ளைகளின் படங்களைப் பெரிதாக்கிச் சுமந்தார்கள். தெற்கிலே சீதுவை ரத்தொலுவச் சந்தியில் உள்ள காணாமற்போனோர் நினைவிடத்தில் சிங்களத் தாய்மார் கொடுத்த படங்கள் சுவரில் பதிக்கப்பட்டுள்ளன. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் எமது தாய்மார் தொடங்கிய போராட்டத்திலும் கையில் இருந்தவை படங்களே. வெயில் பட்டால் நிறப்படம் வெளிறும். ஆகவே வெளியே கொண்டுபோவது எப்போதும் பிரதியாக இருக்கட்டும்.

மாலையும் விளக்கும்

படம் செய்யக் கொடுக்கும்போது சில இடங்களில் கேட்காமலே மாலையும் குத்துவிளக்கும் சேர்த்துவிடுகிறார்கள், "பிறந்தது, இறந்தது" என்று திகதிக்கு இடம் விடுகிறார்கள். காணாமற்போனவரின் மனைவிக்கோ தாய்க்கோ இது நெஞ்சில் அடித்தது போல இருக்கும். மாலை போடுவதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு. அதிலும் அதிகம் பாதிக்கப்பட்ட அந்தப் பெண்ணின் முடிவு. மாமியாரோ கொழுந்தனோ ஸ்ரூடியோக்காரரோ முடிவெடுக்கக் கூடாது. சட்டமும் இன்று இதற்கு இடம் தருகிறது. 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின், இறப்புச் சான்றிதழ் எடுக்க விரும்பாதவர்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். காகிதத்தில் ஏற்கப்படும் இந்த வேறுபாட்டைச் சுவரிலும் ஏற்கலாம்.

வேறு வேறு படங்களில் இருந்தவர்களை ஒன்றாக்கும் வழக்கமும் இப்போது கூடியிருக்கிறது. தகப்பனைக் காணாமலே பிறந்த பிள்ளையை அவர் மடியில் இருத்துகிறார்கள். தங்கையின் கலியாணப் படத்தில் இல்லாமற்போன தமையனை நிறுத்துகிறார்கள். ஆறுதல் தருமானால் செய்யலாம். ஆனால் பிள்ளை விபரம் அறியும் வயதில் "இது சேர்த்துச் செய்த படம், அப்பாவுக்கு உன்னைத் தூக்கக் கிடைக்கேல்லை" என்று தாயே சொல்லிவிட வேண்டும். பிறர் சொல்லி அறிந்தால், அம்மா சொன்ன மற்ற விடயங்களிலும் பிள்ளைக்குச் சந்தேகம் வரும்.

நீங்கள் செய்யக்கூடியவை

ரச் பண்ணக் கொடுக்குமுன் மூலப் படத்தை ஸ்கான் செய்விக்கவும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் கேளுங்கள். முழுப் படத்தையும், பின்பக்கத்தில் எழுத்தோ திகதியோ ஸ்ரூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். முகத்தை மட்டும் வெட்டி எடுக்க விடவேண்டாம்.

ஸ்கான் செய்ததையும் திருத்தியதையும் வேறு வேறு பெயரில் வாங்கி, பென்ட்ரைவில் ஒன்றும் வெளிநாட்டு உறவினரிடம் ஒன்றுமாக வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அளவு சுருங்கி விபரம் குறையும். மின்னஞ்சலில் இணைத்து அல்லது ஆவணமாக அனுப்புங்கள்.

"தம்பி, மறுவையும் தழும்பையும் விட்டிடுங்கோ, பல்லைத் தொடாதேங்கோ" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அச்சிடுமுன் கணினித் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மூலப் படத்தை லமினேற் பண்ணாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. கண்ணாடியோடு ஒட்டிய படத்தை இழுத்து உரிக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுக்கலாம். வெறுங் காகித உறையில் இட்டு, ஈரச் சுவரில் முட்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

யார், எங்கே, எந்த ஆண்டு, அன்று போட்டிருந்த உடுப்பின் நிறம் என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இது மிகவும் தேவை. தாய்மாருக்கு வயது போகிறது. எழுதி வைக்காத விபரம் அவர்களுடனேயே போய்விடும்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகம் 2019 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் நம்பிக்கை இல்லாத தாய்மார் பலர், அது அவரவர் முடிவு. எந்த அலுவலகத்துக்கு, எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் திருத்தாத படத்தின் பிரதியைக் கொடுங்கள். மூலப் படத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

சகோதரிகளே, விறாந்தையில் தொங்கும் படம் எங்கள் மனதுக்கு. அது எவ்வளவு வடிவாகவும் இருக்கட்டும். அலுமாரிக்குள் இருக்கும் கசங்கிய சிறிய படம் அவர் இருந்தார், இப்படித்தான் இருந்தார் என்பதற்குச் சாட்சி. இன்றைக்கே அந்த உறையை எடுத்துப் பாருங்கள். அம்மாவையோ மாமியையோ பக்கத்தில் இருத்தி, படத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு எழுதத் தொடங்குங்கள்.